ஹைமாஸ் விளக்குக்கு அடங்காத வெள்ளி

சென்னைக்கு ஒரு குறை உண்டு. நம் பால்வீதிக்குள் ஒரு விண்மீன் வெடித்து, அது வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது கடைசியாக 1604-ல். வானியலாளர் கெப்ளர் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதிவைத்த வெடிப்பு அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கரையில் கோட்டைக்கு இடம் பிடித்தது 1639-ல். வெறும் 35 வருஷத்தில் தவறவிட்டது இந்த நகரம். அதற்குப் பிறகு ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது, எம்டன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது, சுனாமி வந்தது. சூப்பர்நோவா மட்டும் பாக்கி.

பால்வீதியில் நூறு வருஷத்துக்கு ஒன்றிரண்டு விண்மீன்கள் இப்படி வெடிக்க வேண்டும் என்று வானியலாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பலவும் அண்டத்துத் தூசிக்குப் பின்னால் வெடித்து, நம் கண்ணுக்கு வராமலே அடங்கிவிடுகின்றன. ஆகவே 'நமக்கு ஒன்று வரவேண்டியிருக்கிறது' என்று சிலர் எழுதுகிறார்கள். சீட்டு நிறுவனத்தில் பணம் கட்டியவர் பேசுகிற பேச்சு இது. வானம் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.

இந்தக் குறை சென்னைக்குத்தான், திருவொற்றியூருக்கு இல்லை. ஒற்றியூர் சென்னையைவிட எவ்வளவோ மூத்த ஊர். அங்கே தியாகராஜர் கோயிலின் மூலக் கருவறையை, யானையின் பின்புறம்போல வளைந்த வடிவில், கருங்கல்லில் எழுப்பியது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில். அவனுடைய குரு சதுரானன பண்டிதர் கேட்டுக்கொண்டபடி, ரவி என்கிற வீரசோழத் தச்சன் கட்டினான் என்று கல்வெட்டே சொல்கிறது. ராஜேந்திரன் இறந்தது 1044-ல். பத்து வருஷம் கழித்து, 1054 ஜூலை 4 அன்று, ரிஷப ராசிப் பக்கம் ஒரு புது வெளிச்சம் தோன்றியது. அந்தக் கருவறை அப்போதே அங்கே நின்றுகொண்டிருந்தது.

சீனத்தில் சோங் அரசவை வானியலாளர்கள் அதை 'விருந்தாளி விண்மீன்' என்று குறித்துக்கொண்டார்கள். 23 நாள் பகலிலேயே தெரிந்தது. இரவில் 1056 ஏப்ரல் வரை கண்ணுக்குத் தட்டுப்பட்டது. இதே சோங் அரசவைக்குத்தான் ராஜேந்திரன் 1033-ல் தூதுக்குழு அனுப்பியிருந்தான். தூதர்கள் இருபது வருஷம் பிந்திப் போயிருந்தால், திரும்பி வந்து கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கதை கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஜூலையில் அது சூரியனுக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னால் எழுந்தது. ஒற்றியூர்க் கரையில் நின்றால் கிழக்குக்குச் சற்று வடக்கே, நேராகக் கடலிலிருந்து. வெள்ளிக் கோளைவிடப் பிரகாசம். அதிகாலை மூணு, மூணரை மணி என்பது கட்டுமரம் தள்ளுகிற நேரம். மேகம் விலகியிருந்த ஏதோ ஒரு விடியலில் இந்தக் கரைக்காரர்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு. கோயில் கல்வெட்டுகள் எதை எழுதும்? ஒரு நந்தாவிளக்குக்கு இத்தனை ஆடு, இன்னாருடைய கொடை, இன்ன நாள், இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம். எல்லாம் பத்திரப் பதிவு. கொடுக்கல் வாங்கலுக்கு நாள் குறிக்க வானம் வேண்டும், வானத்தில் நடந்ததைக் குறிக்கக் கல் கிடையாது. நம் முன்னோர் மேல் எனக்கு இருக்கிற சில்லறைக் கோபங்களில் இது ஒன்று.

அன்று வெடித்ததன் மிச்சம் இன்றும் இருக்கிறது. நண்டு நெபுலா என்பார்கள். சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில் இன்னும் விரிந்துகொண்டே போகிறது. நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுற்றுகிறது.

ராஜேந்திரனுக்குத் திரும்ப வேண்டும். அவன் பிறந்த நட்சத்திரம் திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரையை இப்போது அரசு விழாவாகவே கொண்டாடுகிறார்கள். அந்தத் திருவாதிரையைத்தான் வானியல் புத்தகங்களில் பெட்டல்ஜியூஸ் என்று படிக்கிறோம். தை மாதம் இரவு ஏழு மணிக்குக் கிழக்கே பாதி உயரத்தில், வேட்டைக்காரன் உருவத்தின் தோளில், செம்பழுப்பாக எரியும். பத்து மணிக்கு மேல் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அடுத்து வெடிக்கக்கூடியவை என்று உலகமே பெயர் சொல்லும் விண்மீன்களில் முதலில் நாவில் வருவது இதுதான்.

ஆளும் லேசுப்பட்டவன் இல்லை. சூரியனைப் போல 15 முதல் 20 மடங்கு எடை. சூரியன் இருக்கிற இடத்தில் கொண்டுவந்து வைத்தால் பூமியை விழுங்கி, செவ்வாயையும் தாண்டி நிற்கும். பிறந்து ஒரு கோடி வருஷம்தான் ஆகிறது, அதற்குள் முதுமை. பெரிய விண்மீன்கள் அப்படித்தான், வாரி இறைத்துச் செலவு செய்துவிட்டுச் சீக்கிரம் போய்ச்சேருகிற வகை. ஹைட்ரஜனை எரித்து ஹீலியம், ஹீலியத்தை எரித்துக் கரி, பிறகு நியான், ஆக்சிஜன், சிலிக்கன் என்று போய்க் கடைசியில் நடு வயிற்றில் இரும்பு சேரும். இரும்பை எரித்து எந்த விண்மீனாலும் சக்தி எடுக்க முடியாது. அடுப்பு அணைகிறது. அந்த இரும்பு உருண்டையின் எடை ஒரு வரம்பைத் தாண்டும்போது, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளே இடிந்து விழுகிறது. வெளியே வெடிக்கிறது.

அந்த வரம்புக்குப் பெயர் சந்திரசேகர் வரம்பு. மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயதுப் பையன் 1930-ல் மேல்படிப்புக்காகக் கப்பலேறி, போகிற வழியிலேயே போட்ட கணக்கு. சூப்பர்நோவா பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இவரை இழுக்காமல் விட்டதில்லை. நானும் விடவில்லை.

இரும்பு என்றதும் ராயபுரத்துக்காரர்களுக்கு வேறு ஞாபகம் வரும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் நிற்கும் வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் மலை மலையாகக் கொட்டிக் கிடந்தன. காலையில் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்தால் கறுப்பா சிவப்பா என்று பந்தயம் கட்டலாம். கரியும் இரும்பும், இரண்டுமே ஏதோ ஒரு காலத்து விண்மீனின் வயிற்றில் வெந்தவைதான். அதைச் சொல்லித் துவைக்கிறவர்களைச் சமாதானப்படுத்த முடியாது.

2019 டிசம்பரில் ஒரு பரபரப்பு வந்தது. அந்த மாதம் 26-ம் தேதி வளைய சூரிய கிரகணம். திருச்சி, திண்டுக்கல் பக்கம் முழு வளையம் தெரிந்தது, இங்கே பகுதி மறைப்பு. கறுப்புக் கண்ணாடியோடு பகலில் ஊரே வானத்தைப் பார்த்தது. அதே நாட்களில் இரவில் திருவாதிரை மங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, வானியலாளர்களைத் தவிர. ஜனவரியில் இன்னும் மங்கியது. பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் படு மோசம், பக்கத்துத் தோளில் இருக்கிற சாதாரண விண்மீனுக்குச் சமமாகிவிட்டது. வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். வெடிக்கப்போகிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. திருவொற்றியூர் மொட்டை மாடியிலிருந்து அந்த வாரம் நானும் பார்த்தேன். கருவியே வேண்டாம், இரண்டு தோளையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம் திடீரென்று வெளிறிக் கிடப்பது போல ஒரு திக்.

வெடிக்கவில்லை. பின்னால் காரணம் கண்டுபிடித்தார்கள். விண்மீனின் மேற்பரப்பிலிருந்து பெரிய கட்டியாக வாயு கிளம்பி, தூரத்தில் போய்க் குளிர்ந்து, தூசிப் புகையாகி, நம் பார்வைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கக்குகிற புகையில் அதன் உச்சியில் இருக்கிற சிவப்பு விளக்கே மறைவதை எண்ணூர்க்காரர்கள் தினம் பார்க்கிறார்கள். நடந்தது அதுதான். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து, லாரிகள் நின்று, வடசென்னை வானம் கண்ணாடி மாதிரி ஆனபோது திருவாதிரை பழைய நிறத்துக்குத் தேறிவிட்டிருந்தது.

மங்கியது எவ்வளவு என்று அளந்தார்களே, அந்த அளவுகோலுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. விண்மீன்களின் ஒளியை எண்ணால் சொல்லும் முறையில், ஒரு படி இறங்கினால் 2.512 மடங்கு மங்கல் என்று 1856-ல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். 1860-ல் இங்கிலாந்தில் இருந்தபோது, ஒரு விண்மீன் கொத்துக்குள் புதிதாக ஒளிர்ந்த நோவா ஒன்றைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். அடுத்த வருஷமே நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்தார், 1891-ல் சாகும் வரை இங்கேயே இருந்தார். 1792-ல் கட்டிய அந்த ஆய்வகம் விண்மீன்களைப் பார்த்துக் குறித்த மெட்ராஸ் நேரத்தில்தான் அந்தக் காலத்து ரயில்களும் ஓடின.

போக்சனிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் தென் வானத்தில் ரெடிகுலம் என்ற கூட்டத்தில் ஒளி கூடிக் குறைகிற விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் ஊர் அட்சரேகையில் அது தெற்கு அடிவானத்துக்கு மேல் உச்சபட்சம் 14 டிகிரிதான் ஏறும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரம். பெட்ரோமாக்ஸ் கூட இல்லாத நுங்கம்பாக்கத்தில், தென்னை மரத்துக்கு மேல் எட்டிப் பார்க்கிற ஒரு மங்கலான புள்ளியை நாள் தவறாமல் பார்த்து, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் சொல்லியிருக்கிறார். அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு தெருவாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே திசையில், இன்னும் கொஞ்சம் தாழ்வாக, 120 வருஷம் கழித்து ஒன்று வெடித்தது. 1987 பிப்ரவரியில் சிலி நாட்டு மலையில் இயன் ஷெல்டன் கண்டுபிடித்த சூப்பர்நோவா. நம் பால்வீதிக்குள் இல்லை. பக்கத்துச் சின்ன மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், 1,68,000 ஒளியாண்டு தூரத்தில். 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது இது ஒன்றுதான். ஆனால் தென் துருவப் பக்கத்துச் சரக்கு. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்திலிருந்து, அடிவானத்துக்கு எட்டே டிகிரி மேலே தலைகாட்டிய அதைப் பிடித்து நிறமாலை பதிவு செய்தார்கள். ராயபுரத்திலிருந்து தெற்கே எட்டு டிகிரி உயரம் என்றால் துறைமுகத்து கிரேன்களும் ஜார்ஜ் டவுன் விளக்குகளும். தெரிந்திருக்க வழியே இல்லை.

தெரியவில்லை, ஆனால் வந்தது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். விண்மீன் வெடிக்கும்போது வெளிச்சத்துக்கு முன்னால் நியூட்ரினோக்கள் கிளம்பிவிடும். ஏறக்குறைய எதிலும் முட்டாமல், எதையும் தொடாமல், பூமியையே ஊடுருவிப் போகிற துகள்கள். 1987 பிப்ரவரி 23, திங்கட்கிழமை, இந்திய நேரம் மதியம் 1:05-க்கு அந்த அலை பூமியைக் கடந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் பூமிக்கடியில் இருந்த கருவிகள் மொத்தமாக இரண்டு டஜன் துகள்களைப் பிடித்தன. பிடிபடாமல் போனவை ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஆயிரம் கோடி. அந்த நேரத்தில் மெகல்லன் மேகம் நம் ஊருக்கு அடிவானத்துக்குக் கீழே இருந்தது. ஆக அவை தெற்கிலிருந்து, கடலுக்கும் தரைக்கும் அடியிலிருந்து மேல்நோக்கி வந்திருக்கின்றன. காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், அசோக் லேலண்டில் டிபன் பாக்ஸைத் திறந்தவர், கல்மண்டபம் மார்க்கெட்டில் மீதி மீனுக்கு ஐஸ் போட்டவர், மதிய மணி அடித்ததும் ஓடிய பிள்ளைகள். ஒருவரையும் விடவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு 1987-ல் வயது என்னவாக இருந்தாலும், பிறந்திருந்தீர்கள் என்றால், 1,68,000 வருஷம் பயணம் செய்து வந்த ஒன்று உங்களுக்குள்ளேயும் போயிருக்கிறது.

திருவாதிரை வெடித்தாலும் முதல் செய்தி அப்படித்தான் வரும், வெளிச்சத்துக்கு மணிக்கணக்கில் முன்னால். எங்கே பார்க்க வேண்டும் என்று உலகத்துக்கு எச்சரிக்கை கொடுக்க நியூட்ரினோ ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு வலைப்பின்னலே வைத்திருக்கின்றன. தூரம் ஏறக்குறைய 550 முதல் 700 ஒளியாண்டு. நமக்கு ஆபத்து வர வேண்டுமென்றால் இதில் பத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் வெடிக்க வேண்டும். ஆகவே பயமில்லை. 'அது ஏற்கெனவே வெடித்துவிட்டது, வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே விழுங்காதீர்கள். இன்னும் ஒரு லட்சம் வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதுதான் கணக்கு. அதில் இந்த அறுநூறு வருஷத்துக்குள் நடந்து முடிந்திருக்க நூற்றுக்கு ஒரு வாய்ப்புகூட இல்லை. இருந்தாலும் தை மாதத்தில் மாடிக்குப் போனால் முதலில் அங்கேதான் கண் போகிறது. லாட்டரிச் சீட்டு வாங்கியவன் கணக்குத் தெரியாதவன் என்று அர்த்தமில்லையே.

வெடித்தால் என்ன தெரியும்? அரை நிலாவின் வெளிச்சம் முழுக்க ஒரே புள்ளியில். பகலில் மாதக்கணக்கில் தெரியும். இரவில் நிழல் விழும், அதுவும் நிலா நிழல்போல ஓரம் கரையாமல் கத்தரித்த மாதிரி.

எங்கள் பகுதிக்கு இதில் விசேஷம் உண்டு. மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து ராத்திரி முழுக்க மேகத்துக்கு ஆரஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். கண்டெய்னர் யார்டுகளில் ஹைமாஸ், மீன்பிடித் துறைமுகத்தில் ஹைமாஸ், எண்ணூர் விரைவுச் சாலை முழுக்க எல்.இ.டி. அதோடு அனல்மின் சாம்பலும் கடல் ஈரமும். விளக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இரண்டாவது ஷிப்ட் முடிந்து நடந்து வருகிற பெண்களிடம் கேட்டால் இன்னும் இரண்டு போடச் சொல்வார்கள். ஆனால் வானம் போனது போனதுதான். நல்ல இரவில் இங்கே எண்ணி நாற்பது ஐம்பது விண்மீன் தெரிந்தால் அதிகம். பால்வீதி பார்க்க வேண்டுமென்றால் கார் வைத்திருக்கிறவர்கள் ஏலகிரி, காவலூர் என்று கிளம்பிப் போகிறார்கள். வால்நட்சத்திரம், எரிகல் மழை, எதுவுமே எங்களுக்குக் கிடையாது.

திருவாதிரை வெடித்தால் அது மட்டும் கிடைக்கும். அந்த வெளிச்சத்தை எந்த ஹைமாஸும் மறைக்க முடியாது. நிழல் பார்க்கத்தான் பழவேற்காடு பக்கம் விளக்கில்லாத மணலைத் தேடிப் போக வேண்டியிருக்கும். அந்த வெள்ளியைப் பார்க்க எங்கும் போக வேண்டாம். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் மணிக்கணக்காக நிற்கிற டிரெய்லர் டிரைவர், மத்தியான வெயிலில் தலையை வெளியே நீட்டி நிமிர்ந்தால் போதும்.

ஆனி மாதத்தில் மட்டும் கொஞ்சம் சிக்கல், சூரியன் அப்போது திருவாதிரைக்கு அருகில் இருக்கும். சூரியனைச் சுவரால் மறைத்துக்கொண்டு, அதை நேராகப் பார்க்காமல், தெற்கே தேட வேண்டும். ஏறக்குறைய மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம். ஜூன் 14-க்குப் பிறகு கடலுக்குப் போகிற விசைப்படகுக்காரர்கள்தான், ஆனி முடிகிற சமயம் விடிகாலையில் அது கடலுக்கு மேலே தனியாக எழுவதை முதலில் பார்ப்பார்கள். காசிமேட்டில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கட்டுமரக் காலத்து ஆள், வெள்ளியை வைத்து மணி சொல்லத் தெரிந்தவர். "இப்ப எவன் தம்பி வெள்ளியப் பாக்குறான், எல்லாம் ஜி.பி.எஸ்.தான்" என்றார். கொஞ்சம் யோசித்து, "பகல்லயே தெரியும்னா பாப்பானுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அரிய தரிசனத்துக்கு வரிசையில் நிற்க இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்கு வருஷம் முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்றே நாள் திறப்பார்கள், கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். அதே கோயிலில் 27 நட்சத்திரங்களுக்கும் 27 லிங்கங்கள் இருக்கின்றன. அவரவர் நட்சத்திரத்துக்கு அவரவர் விளக்கு.

எங்கள் பெரியம்மா திருவாதிரை. வெடித்து, சில வருஷத்தில் மங்கி, வேட்டைக்காரனுக்கு ஒரு தோளே இல்லாமல் போகும் என்று சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "அப்ப எனக்கு நட்சத்திரம் இல்லியா?" பஞ்சாங்கத்துக்கு விண்மீன் தேவையில்லை என்று விளக்கினேன். வான வட்டத்தை 27 பங்கு போட்டதில் ஒரு பங்குக்குத்தான் திருவாதிரை என்று பெயர். விளக்கு அணைந்தாலும் வீட்டு நம்பர் மாறாது. அந்தப் பங்கை நிலா கடக்கிற நாளெல்லாம் திருவாதிரைதான், மார்கழித் தரிசனமும் நடக்கும், அர்ச்சனைச் சீட்டும் கிழிப்பார்கள்.

"சரி, எப்ப வெடிக்கும்னு மட்டும் சொல்லு. அன்னிக்குக் களி கிண்டணும்ல?"

இன்றைக்கும் இருக்கலாம், ஒரு லட்சம் வருஷமும் ஆகலாம் என்றேன்.

"அப்ப அரிசி வறுக்க நேரம் இருக்குது" என்று டி.வி. பக்கம் திரும்பிவிட்டார்.